நகராத கோடுகள்

என் ஆய்வறையில் நான் ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை, ஐயா. கைதட்டினால் கோடுகள் ஆடும்.

என்ன கோடுகள் என்று கேட்பீர்கள். வீட்டின் நிலவறையில், ஒரு தொட்டிப் பாதரசத்தின்மேல் கல்பலகை மிதக்கிறது. ஒரே விளக்கின் ஒளியை அதன்மேல் இரண்டாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக அனுப்பி, கண்ணாடிகளால் மறுபடி ஒன்றுசேர்த்தால் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரியும். வெளியெங்கும் நிறைந்து ஒளியைச் சுமக்கும் ஈதரைக் கிழித்துக்கொண்டு பூமி ஓடுகிறது. ஆகவே பலகையைத் திருப்பினால் கோடுகள் நகர்ந்தே ஆக வேண்டும். கல்லூரியில் காலமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவை நகரவில்லை. சும்மா ஆடின. ஆட்டம் நின்றால்தானே நகர்வு தெரியும்?

தெருவில் வண்டிகள் ஓடின. மனுக் கொடுத்து வேறு வழியாகத் திருப்பிவிட்டேன். மாடியில் மனைவி நடமாடினாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். தங்கமான குணம். மிச்சம் இருந்தது அவளுடைய தம்பி. எனக்கு உதவியாக, கோடுகளைப் பார்க்கும் தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவன் அவன்தான்.

"அத்தான், எத்தன தடவ சுத்தினாலும் மயிரிழகூட நகரல. ஈதர்னு ஒண்ணு இல்லவே இல்ல. நாளைக்கு விஞ்ஞான சபையில அப்படியே சொல்லிடப் போறேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நீ மூச்சு விடற. அதான்."

"விடலன்னா செத்துருவேனே" என்று சிரித்தான்.

என் கூடம் உண்மையிலேயே கோணல், ஐயா. அது அவனுக்குப் புரியவில்லை.

அறையின் சூடு மாறாமலிருக்க உள்ளே கரியடுப்பு எரியும். அதன் நச்சுக்காற்று வெளியேற ஒரே ஒரு துவாரம். கோடுகளைக் கெடுக்கும் காற்றும் அதன் வழியாகத்தான் வந்தது. வெளியிலிருந்து கம்பளியைத் திணித்து அடைத்தேன். கதவையும் பூட்டினேன். கரியடுப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அவன் உள்ளிருந்து கதவைத் தட்டினான். தட்டினால் கல் அதிரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டான்.

பிறகு திறந்து, அறை தெளிந்ததும், கதவோரம் கிடந்தவனைத் தாண்டிப் போய் நானே கண் வைத்தேன். கோடுகள் அச்சடித்ததுபோல் நின்றன. அப்படியோர் அமைதியை அந்த அறை கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையை மெல்லத் திருப்பினேன்.

நகரவில்லை.

அவனைக் கொன்றது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈதர் இல்லை என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். மாடியில் என் மனைவி விம்முவது கேட்கிறதல்லவா? அது அப்படியே கல்லில் இறங்குகிறது. அவளிடம் என்னைக் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள். அவளும் அடங்கிவிட்டால் கோடுகள் நகரும்.