கேட்டைக்குப் பக்கத்தில்

அஸீமா: ...நாவலப்பிட்டியில ஆவணி மாசம் வானம் பாக்கக் கூப்பிட்டா மேகந்தான் வரும். நான் அப்பவே சென்னேன் தானே, கிருஷாந்தி டீச்சர்?

கிருஷாந்தி: கொஞ்சம் பொறுங்க டீச்சர். இப்பதானே இருட்டுது. மலைப்பக்கம் மேகம் விலகி வெளுத்துக்கிட்டுத்தான் வருது.

அஸீமா: புள்ளைகள் ஸ்கூல் ஹோல்ல பிளேன்டீ குடிச்சு முடிச்ச உடனே ஓடி வருவாங்க. "டீச்சர், என்ட நட்சத்திரத்தக் காட்டுங்க"ண்டு ஒருத்தன் சித்திரைய கேப்பான், ஒருத்தி சுவாதிய கேப்பா. எங்கட ஆக்களுக்கு அந்தக் கரச்சலே இல்ல.

கிருஷாந்தி: நீங்க குடுத்து வச்சவங்க.

அஸீமா: ஏன் இந்தப் பெருமூச்சு? ஞாயித்துக்கிழம மாப்பிள்ள வீட்டாக்கள் சாதகம் பேச வாறாங்க. சுரேஸ நீங்களே தேடிப் புடிச்சு வச்சீக்கீங்க. இனி என்ன கவல?

கிருஷாந்தி: அந்தச் சாதகத்துலதான் டீச்சர்... அம்மா என்னைய அனுஷம்னு எழுத வச்சிருக்கு.

அஸீமா: அதுக்கு?

கிருஷாந்தி: நான் அனுஷம் இல்ல. கேட்டை. பொறந்த நேரத்தக் கொஞ்சம் முன்னால தள்ளி மாத்திட்டாங்க.

அஸீமா: ரெண்டும் வானத்துல தானே ஈக்குது. எதுவா இருந்தா என்ன?

கிருஷாந்தி: கேட்டைப் பொண்ணக் கட்டினா மாப்பிள்ளையோட அண்ணனுக்கு ஆகாதாம். சுரேஸுக்கு ஒரே ஒரு அண்ணன். அவங்கம்மாவுக்கு மூத்த மகன்னா உசுரு. விசயம் தெரிஞ்சா அன்னைக்கே பேச்சு முடிஞ்சிரும்.

அஸீமா: அண்ணனுக்கெல்லாம் தனியா நட்சத்திரம் ஈக்குதா? அப்ப மாமியாருக்கு?

கிருஷாந்தி: அதுக்கு ஆயில்யம்.

அஸீமா: அந்த மட்டுக்கு நீங்க தப்பிச்சீங்க. சரி, சயன்ஸ் டீச்சர்... நீங்களா இத நம்புறது?

கிருஷாந்தி: நான் நம்பல. ஆனா அவங்க நம்புறாங்களே. பொய்யச் சொல்லிட்டு அந்த வீட்டுக்குள்ள எப்படி வாழப் போறது? உண்மையச் சொன்னா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. சுரேஸ் இல்லாம எனக்கு முடியாது டீச்சர்... நெசமாவே முடியாது.

அஸீமா: ஸ்... யாரோ வாறாங்க.

வந்தவர்: டீச்சர்மாரே, இதுதானா வானம் பாக்குற எடம்? கேட்ல விசாரிச்சேன். ஊராக்களும் வரலாம்னாங்க.

கிருஷாந்தி: வாங்கண்ணே, தாராளமா. உங்க பிள்ள எந்த வகுப்பு?

வந்தவர்: மகள் இங்க இல்ல, கம்பளையில படிக்குது. நான் சும்மா ஒரு ஆசையில வந்தேன். வெறுங்கையோட வரக் கூடாதேன்னு பனிஸ் கொண்டாந்திருக்கேன். எடுங்க, எடுங்க.

அஸீமா: கிம்புலா பனிஸ்! மாஷா அல்லாஹ், மேல சீனி தூவி, இன்னும் சூடும் ஆறல்ல.

கிருஷாந்தி: ...அடியிலயும் சீனி.

வந்தவர்: என்ன டீச்சர்?

கிருஷாந்தி: ஒண்ணுமில்லண்ணே. ருசியா இருக்கு. நீங்க என்ன பாக்கணும்?

வந்தவர்: கேட்டை. கேட்டை நட்சத்திரத்தக் காட்டுவீங்களா?

அஸீமா: யா அல்லாஹ்...

வந்தவர்: என்ன ஆச்சு டீச்சர்?

அஸீமா: ஒண்டுமில்ல. பனிஸ் தொண்டையில சிக்கிச்சு.

கிருஷாந்தி: தெக்கால அந்த மேகத்துக்குப் பின்னாலதான் கேட்டை. கொஞ்சம் நில்லுங்க, வந்துரும். அதென்னண்ணே, இத்தனை நட்சத்திரம் இருக்க கேட்டையக் கேக்குறீங்க?

வந்தவர்: பேரு ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன். நேர்ல பாத்ததில்ல... அந்தா! செவப்பா ஒண்ணு எட்டிப் பாக்குதே, அதுவா?

கிருஷாந்தி: அதேதான். இருங்க, டெலஸ்கோப்பத் திருப்புறேன்... ம், இப்ப இதுல கண்ண வைங்க. குழாயத் தொடாதீங்க, ஆடிப் போயிரும்.

வந்தவர்: ஆத்தாடி... பயங்கர கோவத்துல இருக்கிற மாதிரியில்ல செவந்து கெடக்கு!

கிருஷாந்தி: கோவமெல்லாம் இல்ல. நட்சத்திரம் சிவப்பா இருந்தா சூடு கொறைஞ்சதுன்னு அர்த்தம். நீலந்தான் கடுஞ்சூடு. நம்ம சூரியன் ரெண்டுக்கும் நடுவுல.

வந்தவர்: அது சரிதான். போறணை அடுப்புலயும் கொழுந்து விட்டு எரியிறப்ப பாண் வைக்க மாட்டோம். தணல் செவந்து அடங்கினாத்தான் வைப்போம்.

அஸீமா: ஓ... பேக்கரியா உங்களுக்கு?

வந்தவர்: சின்னதா ஒண்ணு.

கிருஷாந்தி: அப்ப உங்களுக்கு விளங்க வைக்கிறது லேசு. நட்சத்திரமும் ஒரு போறணை மாதிரிதான். உள்ள இருக்கிறது விறகில்ல, ஹைட்ரஜன். அது ஒண்ணோட ஒண்ணு சேந்து ஹீலியமா மாறுது. அப்ப வர்ற சூடும் வெளிச்சமுந்தான் நமக்குத் தெரியுது.

வந்தவர்: பெரிய போறணைன்னா விறகும் கூட இருக்கும். அப்ப கேட்டைக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லுங்க.

கிருஷாந்தி: அங்கதான் தலைகீழ். சின்னது சிக்கனமா எரிஞ்சு ரொம்பக் காலம் கெடக்கும். பெரிசு அள்ளி அள்ளித் தின்னு சீக்கிரமே முடிச்சிரும். சூரியன் பொறந்து நானூத்தி அறுபது கோடி வருசம் ஆகுது, இன்னும் பாதி ஆயுசு மிச்சம். கேட்டை பொறந்து ஒரு கோடிச் சொச்சந்தான்... அதுக்குள்ள கடைசிக் காலம் வந்துட்டுது.

வந்தவர்: அடப் பாவமே.

அஸீமா: பாவமா? ஆளுட சைஸக் கேளுங்க.

கிருஷாந்தி: சூரியன் இருக்கிற எடத்துல கேட்டையக் கொண்டு போய் வச்சா, பூமியும் செவ்வாயும் அதோட வயித்துக்குள்ள இருக்கும். நடுவுல ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஒடம்பு ஊதிப் போச்சு. ஊதினதுல மேல் ஆறிப் போச்சு. அதுதான் இந்தச் செவப்பு.

வந்தவர்: அப்புறம் என்ன ஆகும்?

கிருஷாந்தி: உள்ள ஒவ்வொண்ணா எரிஞ்சு கடைசியில இரும்பு சேரும். இரும்பு சேந்துட்டா அதுக்கு மேல அடுப்பு எரியாது. நடு இடிஞ்சு உள்ள விழும், மேல் வெடிச்சுச் சிதறும்.

வந்தவர்: வெடிச்சா... கிட்ட இருக்கிறவங்க கதி?

அஸீமா: பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்டும் ஆகாது.

வந்தவர்: எனக்கு ஆகும்னு நான் எப்ப சொன்னேன்?

அஸீமா: இல்ல... பொதுவாத்தான்... நான் இன்னொரு பனிஸ் எடுக்கிறேன்.

கிருஷாந்தி: அது வெடிக்க லட்சக்கணக்கான வருசம் ஆகலாம்ணே. வெடிச்சாலும் நமக்கு ஒண்ணும் வராது, அவ்வளவு தூரத்துல இருக்கு. அங்கயிருந்து வெளிச்சம் வரவே ஐந்நூறு வருசத்துக்கு மேல ஆகுது. நீங்க இப்பப் பாக்குறது கண்டியில ராசா இருந்த காலத்துல கெளம்பின வெளிச்சம்.

வந்தவர்: அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டா ஒரு குடும்பத்துல ஆளப் பாத்து அடிக்கும்?

கிருஷாந்தி: அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. அது மாதிரி ஒண்ணு வெடிச்சுச் சிதறினதுலதான் புதுசு புதுசா நட்சத்திரம் பொறக்குது. உங்க பாண் தட்டுல இருக்கிற இரும்பும், எப்பவோ செத்த நட்சத்திரங்கள் விட்டுட்டுப் போனதுதான்.

வந்தவர்: ம்... அப்ப குடுத்துட்டுத்தான் போகுது.

கிருஷாந்தி: இன்னொண்ணும் இருக்கு. கேட்டைக்குப் பக்கத்துலயே இன்னொரு நட்சத்திரம். நீலம். கேட்டையோட வெளிச்சத்துல மறைஞ்சு போயிருக்கும், இந்தக் குழாய்க்குத் தெரியாது.

வந்தவர்: பக்கத்துலயேவா? அதுக்கு இது வரைக்கும் ஒண்ணும் ஆகலயா?

கிருஷாந்தி: ஒண்ணும் ஆகல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு நல்லா இருக்குதுங்க. ஒரே குடும்பம்.

வந்தவர்: ஒரே குடும்பம்...

கிருஷாந்தி: அண்ணே... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அஸீமா: டீச்சர், வேணாம்...

கிருஷாந்தி: என் நட்சத்திரம் கேட்டை. சாதகத்துல அனுஷம்னு எழுதியிருக்கு. அது பொய். நான் கேட்டைதான்.



அஸீமா: டீச்சருக்கு... சும்மா... பனியில நிண்டு நிண்டு ஒரு மாதிரி...

வந்தவர்: இருங்க டீச்சர். ஏன் தங்கச்சி, இத வழியில வந்த ஒரு ஆள்கிட்டச் சொல்றீங்க?

கிருஷாந்தி: சொல்லாம இருக்க முடியல.

வந்தவர்: சரி. அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். என் பேரு கணேஸ். சுரேஸோட அண்ணன்.

அஸீமா: போச்சு! எல்லாம் போச்சு!

வந்தவர்: கேட்டை விசயம் எனக்கு முன்னயே தெரியும். சாதகம் எழுதின சாத்திரி எங்க கடையிலதான் பாண் வாங்குறாரு, காலையில வாய விட்டுட்டாரு. வீட்டுல நான் மூச்சு விடல. ஆனா பயம் இருந்திச்சு தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். என்னைய முழுங்கப் போறது எதுன்னு ஒருக்காப் பாத்துட்டு, உங்களையும் பாத்துட்டுப் போவோம்னுதான் பஸ் ஏறினேன். மனசு சரிவரலன்னா போய் அம்மாகிட்டச் சொல்லிருவோம்னுதான் வந்தேன்.

கிருஷாந்தி: நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் நானும் சொன்னேன்.

வந்தவர்: தெரிஞ்சா? எப்படி?

கிருஷாந்தி: அடியிலயும் சீனி தூவுற கிம்புலா பனிஸ் நான் வேற எங்கயும் தின்னதில்ல. வாராவாரம் சுரேஸ் எனக்குக் கொண்டாந்து தர்றாரு.

வந்தவர்: அட களவாணி! தட்டுல கொறையுது, எலின்னுல்ல நெனச்சேன்!

அஸீமா: அப்ப முத வாயிலயே தெரியுமா? என்னைய மட்டும் தொண்ட அடைக்க வச்சீங்களே!

கிருஷாந்தி: ஞாயித்துக்கிழம உங்கம்மாகிட்டயும் நானே சொல்லிடறேண்ணே. ஒளிச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசில்ல. வேணாம்னா... வேணாம்னு சொல்லட்டும்.

வந்தவர்: சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். ஆகாதுன்னா எனக்குத்தானே ஆகாது? நானே சரிங்கிறேன்னு சொன்னா அம்மாவுக்கு என்ன பேச்சு இருக்கு? ஆனா ஒரு உதவி... உங்க நட்சத்திரத்தோட நிப்பாட்டிருங்க. வேற யாரு நட்சத்திரத்தப் பத்தியும் பேச்ச வளக்க வேணாம்.

அஸீமா: வேற யாருட நட்சத்திரம் ஈக்குது?

வந்தவர்: என் வீட்டுக்காரி ஆயில்யம். நேரத்தத் தள்ளி பூசம்னு எழுத வச்சுக் கட்டினதே நான்தான். மகள் இந்த வருசம் அஞ்சாம் வகுப்பு ஸ்கோலர்ஷிப் சோதனையும் எழுதப் போகுது... அம்மா இன்னைக்கும் அவ கையால சோறு வாங்கித் தின்னுட்டு, "வந்தா பூசத்துல பொறந்த மருமக வரணும், எனக்கு மேலுல ஒரு நோவு இல்ல பாத்தியா"ன்னு கம்பளை பூரா சொல்லிக்கிட்டுத் திரியுது.