கொஞ்சம் மணல் கேட்ட கம்பெனிக்காரரு

கோட்டையப் பாக்கத்தாம்மா ரயிலு ஏறியிருக்கேன். ஆமா, சென்னையில கடலோரமா இருக்குதே, அதேதான். இன்னா, சிரிக்கிற? பீச்சு, மாலு எல்லாம் உட்டுட்டு யாராச்சும் கோட்டையப் பாக்கப் போவாங்களான்னு எங்க அண்ணியும் கேட்டாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்? அந்தக் கோட்ட கட்ட எடம் கேட்டப்போ தரமாட்டேன்னு சொன்னவ நானு.

ஐயோ, பைய அந்தப் பக்கம் நவுத்தாத. பைத்தியம் இல்லம்மா. சொல்றேன் கேளு.

பேரு பில்கிஸ். ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருபத்திரெண்டு வருசமா தையல் லைன்ல இருக்கேன். வீட்டுக்காரரு தவறி ஒம்பது வருசமாச்சு. ஒரே பொண்ணு தபஸ்ஸும், பெங்களூர்ல வேல. போன வருசம் அவதான் ஃபோன்ல சண்ட போட்டா. ம்மா, ஃபாரின்லேர்ந்து ஷூ வாங்கற பையருங்க வந்து நின்னா நீ தலைய குனிஞ்சிக்கிற, போய் இங்கிலீஷ் கத்துக்கோன்னு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு நர்சரி ஸ்கூல்ல கிளாசு. கொழந்தைங்க ஒக்கார்ற பெஞ்சு. முட்டி ரெண்டும் தாடையில வந்து இடிக்கும். பதினாலு பேரு, எல்லாம் நாப்பது, அம்பது.

சொல்லித்தர்றது சௌந்தர்யா மிஸ்ஸு. ஒடுகத்தூர்ப் பொண்ணு, இருபத்தாறு வயசு. ஏ ஃபார் ஆப்பிள்லாம் கெடையாது. மொத நாளே போர்டுல கப்பல் வரைஞ்சிடுச்சு. இங்கிலீஷ் நம்ம கரைக்கு வந்த கதையிலேர்ந்தே ஆரம்பிப்போம்னுச்சு. துணி வாங்க வந்தாங்க. எடம் கேட்டாங்க. கெடச்சுது. சொவரு கட்டுனாங்க. கேம், ஆஸ்க்டு, காட், பில்ட். நடந்துபோன கதைக்கு நடந்துபோன வார்த்த. நாலே வாரத்துல எனக்கு மனப்பாடம். மிஷின் ஓட்டும்போதும் வாயில அதான். சூபர்வைசரு, இன்னாம்மா முணுமுணுக்கிறேன்னாரு.

அப்புறம் நாடகம் போடலாம்னுச்சு மிஸ்ஸு. அந்தக் காலத்துல அந்தப் பக்கத்த ஆண்ட நாயக்கர்கிட்ட ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரன் போய் கோட்ட கட்ட கடலோரமா கொஞ்சம் மணல் தரை கேட்டான்ல, அது. நாயக்கரு நானு. எனக்குத்தான் சத்தமா பேச வரும். கம்பெனிக்காரரு சமீருல்லான்னு ஒருத்தரு. தோல் பதப்படுத்தற ஷாப்புல தரம் பிரிக்கிற வேல. மூணு மாசமா கடைசி பெஞ்சுல ஒக்காந்துக்கினு ப்ரெசன்ட் மிஸ்ஸத் தவிர வேற வார்த்த பேசாதவரு. மிஸ்ஸு துபாஷி. ரெண்டு பாஷையும் தெரிஞ்சு நடுவுல நின்னு எடுத்துச் சொல்ற ஆளாம்.

தலையில பேப்பர் தொப்பிய வச்சிக்கினு சமீருல்லா வந்து நின்னு, ப்ளீஸ், கிவ் லிட்டில் சேண்டுன்னாரு. நான் யெஸ், டேக்னு சொல்லணும். நோட்டுல அப்டிதான் இருந்துச்சு. எனக்கு வாய் வரலம்மா. எங்க வாசல்ல ரெண்டு நாளைக்கு வண்டி நிறுத்திக்கறேன்னு கேட்டவன், இப்போ ஷெட்டு போட்டு பஞ்சர் கட வச்சிருக்கான். அந்த ஞாபகமோ இன்னாவோ, நோ, யூ கோ பேக்னு சொல்லிட்டேன்.

அவரு நோட்டப் பொரட்டுறாரு. அடுத்த வரி தேங்க்யூதான் இருக்குது, நோவுக்கு பதிலே எழுதல. தொப்பியக் கழட்டி கையில வச்சிக்கினு, மேடம், ஐ ஆம் குட் மேன்னாரு பாரு. கூடப் படிக்கிற மக்பூல் பாய் சிரிச்சி சிரிச்சி பெஞ்சோட சாஞ்சிட்டாரு. மிஸ்ஸு கண்ணத் தொடச்சிக்கினு, பில்கிஸ்மா, நீங்க எடம் தரலன்னா அடுத்த பாடத்துக்கு நான் எங்க போவேங்குது.

மூணு வாரம் ஒத்திக. மூணு வாரமும் நோதான். நாலாவது வாரம் அவரு எத்தினி அடி வேணும், எத்தினி வருசத்துக்குன்னு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி மனப்பாடம் பண்ணிக்கினு வந்து நிக்கிறாரு. என்ன சம்மதிக்க வைக்க வாரம் பூரா படிச்சாராம்.

ரம்ஜான் முடிஞ்ச மொத கிளாசு அன்னிக்கு மிஸ்ஸுகிட்ட போய், ஒரு விசயம், நீங்க அவங்ககிட்ட சொல்லணும்னு நின்னுருக்காரு. நாடகத்துக்குத்தான் நான் துபாஷி, இத நீங்களே பேசுங்கன்னு மிஸ்ஸு கைய விரிச்சிட்டுது. வெளிய வந்து நான் செருப்பு போடற எடத்துல நின்னாரு. உருது பேசலாம், ரெண்டு பேருக்கும் வீட்டு பாஷ. தமிழ் பேசலாம். ரெண்டுலயும் வெக்கமாம். ஐ ஆம் அலோன். யூ ஆல்சோ. ஐ ஆஸ்க். அவ்ளோதான் சொன்னாரு.

நாப்பத்தேழு வயசும்மா எனக்கு. தெருவுல இன்னா பேசுவாங்க? ரெண்டு வாரம் கிளாசுக்கே போகல. தபஸ்ஸும் ஏன் போகலன்னு கேட்டா. சொல்லிட்டேன். அப்பாவ மறந்துட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டா.

எட்டு நாள் கழிச்சு சொல்லாம கொள்ளாம வந்து எறங்குனா. வீட்டுக்கு வரல. நேரா கிளாசுக்குப் போய் கடைசி பெஞ்சுல அவரு பக்கத்துல ஒக்காந்துட்டா. இன்னா பேசுனாங்கன்னு ரெண்டு பேருமே இன்னி வரைக்கும் சொல்லல. சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோட வந்தா. தின்னுக்கினே, அவரு கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லலயாமே, பாவம்மா, சொல்லிடுன்னா. யெஸ்னேன். அப்டியே என்னக் கட்டிக்கினு அழுதா. கையெல்லாம் மசாலா, என் பொடவ போச்சு.

நேத்துதாம்மா, மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு எங்க ரெண்டு பேருக்கும் நிக்காஹ். 

தோ, காட்பாடி வந்துடுச்சு. இல்ல இல்ல, நான் எறங்கல. கடைசி நேரத்துல டிக்கெட்டு போட்டமா, பக்கத்துப் பக்கத்துல கெடைக்கல. அவருக்கு அடுத்த பொட்டி. அதோ பாரு, ரெண்டு டீய கையில வச்சிக்கினு ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துக்கினு வர்றாரே, வெள்ள ஜிப்பா, அவருதான். ஏறுனதுலேர்ந்து ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். எப்டிக் கேக்கறதுன்னு தெரியாம இன்னான்னாவோ பேசிட்டேன். அவரு சீட்டும் ஜன்னலோரந்தாம்மா. கொஞ்சம் மாறி ஒக்காந்துக்குறியா?

அட, ஏந்துட்டியே! நல்லா இரும்மா. இரு, இரு, டீய வாங்கிக்கினு போ. எங்களுக்கு ஒண்ணு போதும்.