சட்டி மேல் தப்பில்லை

முழு வான்கோழியை எண்ணெயில் பொரிப்பது ஆபத்து என்று சொல்பவர்கள் யாரும் அதை ஒழுங்காகப் பொரித்துச் சாப்பிட்டவர்கள் இல்லை, மேடம். உறைபெட்டியிலிருந்து எடுத்த பறவை உள்வரை உருகியிருக்க வேண்டும். சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெய் சட்டியின் கழுத்துக்குக் கீழே நிற்க வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் ஐஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று அடுப்படிக்குப் போன எவருக்கும் தெரியும். லேக்மென் கால்பந்து அணி இந்த நகரத்தில் ஆடிய காலமெல்லாம், ஆட்டத்துக்கு முன்னால் அரங்கத்து வண்டி நிறுத்துமிடத்தில் என் சட்டி கொதித்திருக்கிறது. ஒருவர் விரலில்கூடக் கொப்புளம் வந்ததில்லை.

மார்ட்டி கூபியாக் எங்கள் வட்டத்தின் மாநகராட்சி உறுப்பினர். அதற்கு ரொம்ப முன்பே என் நண்பன். பனி கொட்டும் டிசம்பரில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, தோற்கிற ஆட்டங்களை எல்லாம் கடைசிவரை பார்த்தவர்கள் நாங்கள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

அரங்கம் ஒழுகுகிறது, மாநகராட்சி செலவில் புதுப்பித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஹார்மன் க்ரோவ் புறநகரில் சோளக்காட்டை வாங்கி அங்கே போய்விடுவேன் என்றார் அணியின் முதலாளி. மாநகராட்சி மன்றத்தில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். வாயைத் திறக்காமல் இருந்தவன் மார்ட்டி மட்டும்தான். அவனுடைய ஒரு கையில்தான் என் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஒரு ஆட்டத்தன்று அவனே என் வண்டிக்கு வந்து சொன்னான்.

"கூடாதுன்னுதான் ஓட்டுப் போடப் போறேன் வெர்ன். உங்கிட்ட மறைக்க மனசு வரல."

"டீம் போயிடும்டா."

"போனா போகட்டும். நம்ம வட்டத்துல குழாயத் திறந்தா ஈயம் வருது. புள்ளைங்க ரத்தத்துலயே ஈயம் இருக்காம். குழாய மாத்துறத விட்டுட்டு, அந்தக் கோடீஸ்வரன் சொகுசு அறைக்குக் கண்ணாடி மாட்டவா நம்ம வரிப்பணம்?"

"தண்ணிய பாட்டில்ல வாங்கிக்கலாம். டீமை பாட்டில்ல வாங்க முடியுமா?"

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இந்த ஊரக் கெடுக்க நீ ஒருத்தன் போதும்டா" என்று என் தோளில் தட்டினான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அரங்கத்து வாசலில் எங்கள் வண்டி வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு யாரைக் கொண்டாடுகிறோமோ அவர் கையால்தான் பறவை எண்ணெயில் இறங்க வேண்டும். கல்யாணம் நிச்சயமானவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேர் என் கொக்கியைப் பிடித்திருக்கிறார்கள். சுற்றி நின்று எல்லோரும் கூவுவோம். மன்றத்தில் ஓட்டெடுப்புக்கு முந்தைய ஞாயிறு, நம்மிடையே மனஸ்தாபம் வேண்டாம், இன்றைக்கு நீதான் இறக்க வேண்டும் என்று மார்ட்டியைக் கூப்பிட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வழக்கமாகப் புதன்கிழமையே பறவையை வெளியே எடுத்துவிடுவேன். இதை அன்று காலையில்தான் எடுத்தேன். மேல்தோலுக்கு மட்டும் வெந்நீர் காட்டித் துடைத்து, மசாலாவைக் கனமாக அப்பினேன். உள்ளே கல் மாதிரி இருந்தது. எண்ணெயை விளிம்புவரை ஊற்றினேன். எப்போதும் காலடியில் இருக்கும் தீயணைப்புக் குப்பி அன்று வண்டிக்குள், மடக்கு நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்வானா?

"என்னடா இந்தக் கனம் கனக்குது? கல்லக் கட்டி வெச்சிருக்கியா?" என்றான் மார்ட்டி.

"பெரிய பறவைடா. மெதுவா எறக்கினா அடியில ஒட்டிக்கும். ஒரே மூச்சுல விடு."

விட்டான். சட்டிக்குள் ஒரு உறுமல் கேட்டது. அப்புறம் எண்ணெய் அவன் உயரத்துக்கு எழும்பி, முகத்திலும் மார்பிலும் கொட்டியது. வழிந்த எண்ணெய் அடுப்பில் பட்டுத் தீயாகத் திரும்பி வந்தது. லேக்மென் சட்டை செயற்கை நூல். அது எரியவில்லை, உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் மனைவி டோரீன் ஓடிவந்து வெறுங்கையால் தீயை அடித்தாள். அவள் கைகளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேனே. நான் வண்டிக்குப் போய், நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுக் குப்பியை எடுத்து வந்தேன். வீசி எறிந்திருந்தால் யார் மேலாவது பட்டிருக்கும்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு வாய் மட்டும்தான் கட்டுக்கு வெளியே தெரிந்தது.

"வெர்ன்... உன் தப்பு இல்லடா. நீ மெதுவா விடச் சொல்லியிருப்ப. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"தூங்குடா" என்றேன். அந்த நிலைமையில் அவனைத் திருத்தி மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஓட்டெடுப்பன்று காலையில் இறந்துபோனான். மன்றம் சரிபாதியாக நின்றது, மேயர் தன் ஓட்டைப் பணம் கொடுக்கும் பக்கம் போட்டார். நான் நினைத்தபடியே நடந்தது. ஆனால் பனி உருகுவதற்குள் ஹார்மன் க்ரோவ் அதைவிட அதிகம் தருவதாகச் சொன்னது. அங்கே புது அரங்கம் எழும்பியதும் முதலாளி அணியோடு போய்விட்டார். குழாயில் இப்போதும் ஈயம்தான் வருகிறது.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறான் என்று உங்கள் பக்கத்தில் இருப்பவர் நினைக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படி இல்லை. எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அணி எங்கே போகிறதோ அங்கே போகிறவன் நான். புது அரங்கத்திலும் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் பிடித்துவிட்டேன். போன ஞாயிறு சட்டியோடு போனால், நுழைவாயிலில் பலகை மாட்டியிருக்கிறது: எண்ணெயில் பொரிக்கத் தடை. அந்த விதிக்கு மார்ட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

"ஒரு மனுஷன் செத்தே போயிட்டாரு சார். பொல்லாத சட்டி இது, எடுத்துட்டுப் போங்க" என்றாள் காவலுக்கு நின்றவள். அத்தனை பேர் பார்க்க என் சட்டியைப் பொல்லாதது என்றாள். அழுகையே வந்துவிட்டது.

போலீஸ்காரர்கள் நீங்கள் விபத்து என்று வழக்கை முடித்துவிட்டதால் வந்த வினை இது. விபத்து இல்லை. மார்ட்டி கூபியாக்கை நான்தான் கொன்றேன், தெரிந்தே, தயார் செய்து கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சட்டி மேல் ஒரு தப்பும் இல்லை என்று மட்டும் அந்த அரங்கத்துக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். வருகிற ஞாயிறும் அங்கே ஆட்டம் இருக்கிறது. முடிந்தால் நாளைக்கே அந்தப் பலகையை எடுக்கச் சொல்லுங்கள், மேடம். புதன்கிழமை நான் பறவையை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.