நாலாவது கேரியர்

குணவதி: பயப்படாதீங்க. டாக்டர் சும்மா நாலு கேள்வி கேட்பாங்க, அவ்வளவுதான்.

இராஜசிங்கம்: நான் ஏன் பயப்படணும்? நீ பயப்படாத.

குணவதி: நானா? நான் துணைக்கு வந்தவ.

இராஜசிங்கம்: சரி சரி... துணைக்கு வந்தவ. அப்படியே இருக்கட்டும்.

குணவதி: அது என்ன, பச்சப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி தலையாட்டுறீங்க?

இராஜசிங்கம்: தலை தானா ஆடுது. ஏசி ரொம்பக் குளிரு.

குணவதி: பைபிள் காலேஜ் பிரின்சிபல் குளிருக்கு நடுங்குறார்னு தெரிஞ்சா உங்க ஸ்டூடன்ட்ஸ் சிரிப்பாங்க.

இராஜசிங்கம்: மொத்தமே பதினாலு பேரு. அதுல மூணு பேரு என்னைவிட வயசானவங்க. சிரிக்க மாட்டாங்க... தூங்கிருவாங்க.

குணவதி: மணி பத்தரை ஆச்சு. பன்னெண்டுக்குள்ள பூன் லே போயிரலாமா? தனியா இருக்கிற வயசானவங்களுக்குக் கட்டின நாலு கேரியரும் கார்ல இருக்கு. இடியப்பம் காஞ்சிரும்.

இராஜசிங்கம்: போயிரலாம். அழகப்பனுக்கு ஒண்ணு, தங்கத்துக்கு ஒண்ணு, ஷமீமா அக்காவுக்கு ஒண்ணு...

குணவதி: ம்... நாலாவது?

இராஜசிங்கம்: பச்சை மூடி. ஏழாவது மாடி மரியம்மாளுக்கு. இது கூடவா தெரியாது?

குணவதி: தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்.

இராஜசிங்கம்: போன வாரச் சொதி அவங்களுக்குப் பிடிச்சிருந்ததாம்.

குணவதி: அப்படின்னு சொன்னாங்களா? வாயாலயா?

இராஜசிங்கம்: வேற எதால சொல்வாங்க?

குணவதி: இல்ல... சும்மா கேட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்காம்?

இராஜசிங்கம்: இப்ப வலியே இல்லையாம்.

குணவதி: இருக்காது.

இராஜசிங்கம்: காரம்தான் கொஞ்சம்...

குணவதி: கம்மியாத்தான் போட்டிருக்கேன். சொன்னாங்கல்ல.

இராஜசிங்கம்: யாரு சொன்னா?

குணவதி: ...நீங்கதான்.

இராஜசிங்கம்: நானா? சரி, நான்தான்.

பரீதா: இராஜசிங்கம் அங்கிள், குணவதி ஆன்ட்டி... நான் நர்ஸ் பரீதா. சாரி லா, ஒரு சின்னக் குழப்பம். பெர்த்ல இருந்து உங்க மக நிவேதிகா ஒரே நேரத்துக்கு ரெண்டு அப்பாயின்மென்ட் போட்டிருக்காங்க. ஞாபகசக்தி டெஸ்ட் யாருக்கு?

குணவதி: இவருக்கு.

இராஜசிங்கம்: இவளுக்கு.

பரீதா: ...ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் அஞ்சு நிமிஷத்துல வர்றேன்.

குணவதி: எனக்கா? எனக்கா டெஸ்ட்?

இராஜசிங்கம்: நிவேதிகாகிட்ட நீயும் பேசினியா? 'அம்மாகிட்டச் சொல்லாதீங்க, உங்களுக்குத் துணைன்னு சொல்லி கூட்டிட்டுப் போங்க'ன்னாளே!

குணவதி: 'என்ன டெஸ்ட்னு அப்பாகிட்டச் சொல்லாதீங்க, துணைக்குப் போங்க'ன்னு என்கிட்டச் சொன்னா!

இராஜசிங்கம்: கெட்டிக்காரி.

குணவதி: என்னப்பா... கையைக் குடுங்க. மெதுவாச் சொல்றேன். மனசைத் திடப்படுத்திக்குங்க. மரியம்மாள் இப்ப இல்ல. இறந்து பன்னெண்டு வாரம் ஆச்சு.

இராஜசிங்கம்: எனக்குத் தெரியாதா? ப்ளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல அடக்க ஆராதனை நடத்தினது யாரு? சுவா சூ காங் கல்லறையில முதல் பிடி மண்ணு போட்டது யாரு?

குணவதி: அப்ப... தெரியுமா?

இராஜசிங்கம்: உனக்குத் தெரியலையேன்னுதான் நான் பன்னெண்டு வாரமா செத்துப் பொழைக்கிறேன்!

குணவதி: தெரிஞ்சுக்கிட்டே வாராவாரம் அந்தக் கேரியரை ஏழாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்களா?

இராஜசிங்கம்: நீ கட்டி வச்சியே! மேசையில நாலு கேரியர் நிக்குது. 'ஏம்மா, அடக்கம் பண்ணினவங்களுக்கா சமைச்சிருக்க'ன்னு எப்படிக் கேட்பேன்? உனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சேன். கேட்டா மனசு ஒடிஞ்சிருவியேன்னு...

குணவதி: நான் ஏன் கட்டினேன்? அடக்கம் முடிஞ்ச வெள்ளிக்கிழமை, குடும்ப ஜெபத்துல, 'மரியம்மாளின் முழங்காலைக் குணமாக்கும் ஆண்டவரே'ன்னு கணீர்னு வாசிச்சது யாரு?

இராஜசிங்கம்: ஜெப நோட்டுல பேரை அடிக்கல. பதினெட்டு வருஷமா வாசிக்கிற பேரு. வாய் தானா வாசிச்சிருச்சு.

குணவதி: அடுத்த வாரமும் வாசிச்சீங்களே!

இராஜசிங்கம்: நீ கேரியர் கட்டினியே! பேரை விட்டுட்டா உனக்கு விஷயம் தெரிஞ்சிருமேன்னு வாசிச்சேன்.

குணவதி: நீங்க வாசிக்கிறீங்களேன்னு நான் கட்டினேன்.

இராஜசிங்கம்: நல்ல குடும்பம்.

குணவதி: ஒழுக்கநெறிப் பாடம் நடத்துற மனுஷன்! மேல போய் என்னதான் செஞ்சீங்க? வீடு பூட்டிக் கிடக்கு. அவங்க மகன் சாவியை ஒப்படைச்சிட்டார், கரண்ட்டைக்கூட வெட்டியாச்சு. நான் கீழ கார்ல உட்கார்ந்துக்கிட்டு, பூட்டின கேட்டைப் பார்த்துப் பேசுறீங்களோன்னு பதறிட்டே இருப்பேன்.

இராஜசிங்கம்: படியில உட்கார்ந்து... நானே சாப்பிட்டேன்.

குணவதி: சாப்பிட்டீங்களா? வீட்டுக்கு வந்தப்புறமும் மூணு தட்டு சாப்பிட்டீங்களே, அது?

இராஜசிங்கம்: ஊழியம்னா பசிக்கும்.

குணவதி: போங்க... நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? உங்களுக்கு ஏதாச்சும்னா காலேஜ் என்னாகும், நாலு ப்ளாக் கிழவங்க என்னாவாங்க, என்னை அடையாளம் தெரியாமப் போயிருவீங்களோன்னு... பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

இராஜசிங்கம்: நானும் அங்கதான். குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

குணவதி: அதான் தண்ணி பில் ஏறுச்சு!

இராஜசிங்கம்: சிரிக்காத. எல்லாரும் பாக்கிறாங்க.

குணவதி: பாக்கட்டும். எழுந்திருங்க, போகலாம். நமக்கு ஒண்ணும் இல்ல.

இராஜசிங்கம்: ஒண்ணும் இல்ல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

குணவதி: ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சீனியை ஏன் போட்டீங்க?

இராஜசிங்கம்: எந்தச் சீனி?

குணவதி: பச்சைக் கேரியரோட அடித்தட்டுல. வாராவாரம் ஒரு கைப்பிடி. மரியம்மாள் உயிரோட இருந்தப்ப பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டாங்கல்ல, ஒரு கை சீனி போட்டுத்தானே தருவாங்க... நீங்க அதைக்கூட விடாம செய்றீங்களேன்னு ஒரு போத்தல்ல சேர்த்து வச்சிருக்கேன்.

இராஜசிங்கம்: 'மரியம்மாள்'னு பேர் எழுதி ஒட்டின போத்தலா?

குணவதி: ஆமா.

இராஜசிங்கம்: அதைப் பார்த்துத்தான் நான் நிவேதிகாவுக்கே போன் பண்ணினேன். நீயே சீனி வாங்கிப் போட்டு வைக்கிறியோன்னு நினைச்சேன்.

குணவதி: நானா? உங்களுக்குச் சுகர் வந்ததுல இருந்து நம்ம வீட்டுக்குள்ள சீனி வந்திருக்கா?

இராஜசிங்கம்: ...இல்ல.

குணவதி: நீங்க கேரியரைக் கழுவும்போது யாராவது...

இராஜசிங்கம்: நான் கழுவல.

குணவதி: கழுவித்தானே வரும்? பளபளன்னு?

இராஜசிங்கம்: குணா... நான் சாப்பிடவும் இல்ல. பொய் சொன்னேன். முதல் வாரம் சாப்பிடலாம்னுதான் படியில உட்கார்ந்தேன். கேரியரைத் திறக்கப் போறேன்... பின்னால கேட் சத்தம். கம்பி வழியா கை மட்டும் வந்துச்சு. வாங்கிக்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, ஈரம் சொட்டச் சொட்டத் திருப்பிக் குடுத்துச்சு. வாராவாரம் அதேதான்.

குணவதி: ...பேசினாங்களா?

இராஜசிங்கம்: அதான் சொன்னேனே. முழங்கால் வலி இல்லையாம்.

பரீதா: என்ன, முடிவு பண்ணிட்டீங்களா? யாரு உள்ள வர்றீங்க?

இராஜசிங்கம்: நான்தான் மிஸ்ஸி. எனக்குத்தான்.

குணவதி: வேணாம்மா. நாங்க கிளம்புறோம்.

இராஜசிங்கம்: கை வந்துச்சுன்னு சொல்றேன், நீ கிளம்புறோங்கிற! எனக்கு டெஸ்ட் வேணும் குணா.

குணவதி: கத்தாதீங்க. முதல் வாரம் நான் கேரியர் கட்டினது, நீங்க ஜெபத்துல பேர் வாசிச்சதுக்காக இல்ல.

இராஜசிங்கம்: பின்ன?

குணவதி: அந்தச் சனிக்கிழமை காலையில போன் வந்துச்சு. அவங்க நம்பர்தான். 'பிரின்சிபலம்மா, அழுதீங்க, பாடினீங்க, எல்லாம் சரி... சாப்பாட்டை நிறுத்திட்டீங்களே'ன்னாங்க. எனக்குத்தான் புத்தி பிசகிருச்சோன்னு பயம். வெளிய சொல்லல. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரை டாக்டர் பார்த்தா தெரிஞ்சிருமேன்னு உங்களை இழுத்துட்டு வந்தேன்.

இராஜசிங்கம்: இப்பத்தான் தெரிஞ்சிருச்சே. ரெண்டு பேருக்கும் புத்தி நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் இவ்வளவு அவசரம்? மெதுவா நட.

குணவதி: இன்னைக்குக் காலையிலயும் போன் வந்துச்சு... பன்னெண்டுக்கு மேல ஆச்சுன்னா, நம்ம வீட்டுக்கே வந்து சாப்பிட்டுக்கிறாங்களாம்.