நாப்பது பேருக்கு ஒரு கட்டை

கிட்ட வந்து குந்து தங்கச்சி. இந்த ரயிலு போடுற சத்தத்துல நான் சொல்றது காதுல வுழாது. கையில இன்னா, ரோசம்மா பாராட்டு விழா நோட்டீசா? தொழிலாளர் தலைவியாம்! அவ போராடுனாளாம்! அந்த பேஜார ஆரம்பிச்சி குடுத்ததே நான்தான், தெரியுமா?

கும்மிடிப்பூண்டில கிளவுஸ் கம்பெனி. வரிசையா நாப்பது பொம்பளைங்க, நாப்பது மிஷினு. நான் லைன் சூப்பர்வைசர். சும்மா சும்மா பாத்ரூம் போறாளுங்கன்னு மேனேஜரு கத்துனாரு. நான் இன்னா பண்ணேன், ஒரு மரக்கட்டைய ஆணியில மாட்டுனேன். கட்டைய எடுத்துக்கினுதான் போவணும். அவ வந்தாதான் அடுத்தவ. மேனேஜரு கைதட்டுனாரு!... தப்புதான், வுடு. பயந்துக்கினு தண்ணியே குடிக்க மாட்டாளுங்க. கல்பனான்னு ஒருத்தி, நீர்க்கடுப்பு வந்து மிஷின் மேலயே சாஞ்சிட்டா.

அந்த நாப்பதுல ஒருத்திதான் இந்த ரோசம்மா. சண்டை போட்டாளா? இல்லியே! கல்பனா தேறி வந்த அன்னிக்கி சிரிச்சிக்கினு வந்து, "ரூலு போட்டது நீ, ஒழுங்கா நடக்கறோங்க்கா"ன்னா. ஒருத்தி வந்தா ஒருத்தி போறா. வருதோ வரலியோ, நாப்பது பேரும் போறாளுங்க! கட்டை ஆணிக்குத் திரும்பவே இல்ல. எப்பவும் ஒரு மிஷினு காலி. ஒருத்தி வெரலு தைப்பா, அடுத்தவ மணிக்கட்டு தைப்பா... நடுவுல ஒண்ணு நின்னா அம்புட்டும் நிக்கும். டீ டைமுக்குள்ள பாதி கிளவுசு வெரலு இல்லாம குமிஞ்சி கெடக்குது!

மேனேஜரு ஓடியாந்து, "எவ போட்ட ரூலு இது?"ன்னாரு. நாப்பது பேரும் என்னியே காட்றாளுங்க!

கட்டைய அவரே வெளிய வீசுனாரு. அத்தோட வுட்டாரா? "மணியம்மா, நாளைலேர்ந்து நீயும் வராத"ன்னாரு. கைதட்டுன அதே ஆளு! ஆரம்பாக்கத்துல ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு தனியா கீறேன் அப்போ.

ரோசம்மா மிஷின ஆஃப் பண்ணிட்டு கையக் கட்டிக்கினா. அப்பால முப்பத்தொம்பதும் ஆஃப். "அக்கா இல்லாம தைக்க மாட்டோம் சார்!" அந்தாளு பல்லக் கடிச்சிக்கினு, "சரி, இருந்து தொலை"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

நான் அழுதுக்கினே ரோசம்மா கையப் புடிக்கப் போறேன்... அவ பையிலேர்ந்து ஒரு பேப்பர எடுத்து நீட்றா! சங்கத்துல சேர்ற பேப்பரு. பயந்துக்கினு அதுவரைக்கும் ஒருத்தியும் கையெழுத்துப் போடல. "சூப்பர்வைசரே போட்டா மத்தவளுங்களுக்கு பயம் வுட்டுடும், போடுக்கா"ன்னு பேனாவக் குடுக்கறா. குனிஞ்சி பாக்கறேன்... மொத வரில மணியம்மாள்னு என் பேர எழுதி, முந்தின நாளு தேதியும் போட்டு வச்சிருக்கா, கள்ளி!