நார்கடிச்சா துறை

இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயம்தான். எங்கேயாவது தப்பா சொல்லிருவேனோ, ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லிருவேனோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. ஏன்னா, ஒரு சொல்லு கூடிப் போனதால வந்த கதைதான் இது. நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவ. கேட்டதைக் கேட்ட மாதிரியே சொல்லுதேன். பிசகு இருந்தா ஆத்துத் தண்ணியில போகட்டும். சரியா இருந்தா உங்க காதுல நிக்கட்டும்.

ரொம்ப காலத்துக்கு முந்தி, ஆத்துக்குக் குறுக்க அணை கட்டின புதுசுல, அணைக்கு மேற்க மருதங்கால்னு ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ பூமாடத்தி. அவளைக் கட்டினவன், கொழும்புக்குப் போய்ச் சம்பாதிச்சுட்டு வாரேன்னு கப்பலேறினான். போனவன் போனவன்தான். ஆளும் வரலை, சேதியும் வரலை. பூமாடத்தி இடுப்புல ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளை வழியில வந்தவங்கதான் நாங்கன்னு சொல்லுவாங்க.

அவளுக்குத் தெரிஞ்ச வேலை தலைவேலை. சிக்கு எடுப்பா, பேன் எடுப்பா, உதிர்ந்த முடியைச் சேத்துச் சவுரி கட்டுவா. கல்யாணப் பொண்ணுக்கும் சடங்கு வீட்டுப் பிள்ளைக்கும் பூச்சடை தைப்பா. அவ தைச்ச சடையில, தாலி கட்டி, ஊரைச் சுத்தி, மறுவீடு போய் இறங்குத வரைக்கும் ஒரு பூ நகராதாம். அப்படி ஒரு கை.

கை அப்படின்னா, வாய் அதுக்கு மேல. இந்த வீட்டுல சீப்பை எடுத்தா அந்த வீட்டுக் கதை. அந்த வீட்டுல சீப்பை எடுத்தா இந்த வீட்டுக் கதை. மாமியார் மாதிரி பேசிக் காட்டுவா, மருமக மாதிரி அழுது காட்டுவா. செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச பொம்பளைங்க, ஈரத்தலையோட அவளுக்குக் காத்துக் கிடப்பாங்களாம். தலைக்குக் காத்துக் கிடந்தாங்களா, கதைக்குக் காத்துக் கிடந்தாங்களான்னு கேட்டா, அது அவங்களுக்கே தெரியாது. நெல்லு கொடுப்பாங்க, தேங்காய் கொடுப்பாங்க. தாயும் மகளும் நல்லாத்தான் பிழைச்சாங்க.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மூக்கம்மை வீட்டுல உக்காந்து அவளுக்குச் சிக்கு எடுத்துக்கிட்டு இருந்தா. மூக்கம்மை சும்மா இருப்பாளா?

"ஏளா பூமாடத்தி, ஆவுடை மக உலகம்மைக்கு என்ன முடிளா! கருநாகம் மாதிரில்லா தொங்குது. என்னத்தைத் தேய்க்காளோ!"

பூமாடத்திக்குச் சிரிப்பு வந்துட்டு. பெருமையும் வந்துட்டு. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கிடாட்டி யாரு மெச்சுவான்னு நினைச்சா.

"அக்கா, நீயே ஏமாந்துட்டியா? அவ காதுக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்கு முடியே கிடையாது. சின்னதுல கஞ்சி கொட்டின தழும்பு. நான் சவுரி வச்ச பக்குவம்க்கா அது! இந்த ஊருல ஒரு கண்ணுக்குத் தெரியுமா சொல்லு பாப்போம்!"

கை மறைச்சதை வாய் திறந்துட்டு. பகையில சொன்னதில்லை, பொறாமையில சொன்னதில்லை. வேலை நல்லா இருக்குன்னு காட்டச் சொன்னது. ஆனா மூக்கம்மை யாரு? உலகம்மையைப் பேசி முடிச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளி வீட்டுக்காரி.

மூக்கம்மை வாசல்ல தழும்பா இருந்தது, தெருமுனை போறதுக்குள்ள படையாச்சு. தெருமுனையில படையா இருந்தது, கிணத்தடியில சொறியாச்சு. கிணத்தடியில சொறியா இருந்தது, மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போகும்போது பெருநோயாப் போச்சு. வெத்திலை பாக்கு மாத்தின கல்யாணம் நின்னு போச்சு.

பூமாடத்தி ஓடினா. ஆவுடை வீட்டு வாசல்ல விழுந்தா. "பெரியம்மை, நான் வேணும்னு..."ன்னு ஆரம்பிச்சா.

ஆவுடை கையைக் காட்டி நிறுத்திட்டா. "மூடுட்டி வாயை. நீ மன்னிப்புக் கேக்க வாயைத் திறந்தாக்கூட எனக்கு ஈரக்குலை நடுங்குது. இன்னும் என்ன என்ன கொட்டுமோ!"

அன்னைக்கு அடைச்சது ஒரு கதவு. அடுத்த வாரம் எல்லாக் கதவும் அடைச்சுட்டு. நம்ம வீட்டுக் கதையும் இவ வாயில இப்படித்தானே ஏறியிருக்கும்னு அவங்கவங்களுக்கு அப்பத்தான் உறைச்சுது. அவ வாசல்ல போய் நின்னா, "நான் தலை சீவியாச்சு"ன்னு சொல்லுவாங்களாம். தலையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருக்குமாம்!

அவ அண்ணன் காதுக்கும் சேதி போச்சு. ஆள் அனுப்பிச்சான். "நெல் அறுப்பு முடிஞ்சதும் வண்டி வரும். பிள்ளையைக் கூட்டிட்டு வந்து சேரு. உங்க மைனிக்குத் தொழுவுல சாணி அள்ள ஆள் வேணுமாம்."

அண்ணன் பொண்டாட்டி கையைப் பாத்து மகளும் தானும் சோறு திங்கப் பூமாடத்திக்குச் சம்மதமில்லை. அந்த வண்டி வாரதுக்குள்ள தன் வீடுகளைத் திரும்பப் பிடிக்கணும். எப்படிப் பிடிப்பா? பேசிப் பிடிச்ச வீடுகள். பேசியே விட்ட வீடுகள்.

ஒரு நாள் அணைக்குக் கீழ ஆத்துல குளிச்சுட்டு, தலையைக் கட்டினா. ரெண்டு கையும் முடியில இருக்கு. முடியைக் கட்ட வச்சிருந்த வாழைநாரைப் பல்லுல கடிச்சிருக்கா. அப்போ பக்கத்துல துவைச்ச ஒருத்தி என்னமோ கேட்டா. பூமாடத்தியால பதில் சொல்ல முடியலை. "ம்"னா. கேட்டவளும் ஒரு நிமிசம் பாத்துட்டு, தன் துணியைப் பிழிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.

வாயில நாரு இருந்தா பேச்சு வெளிய வரலையேன்னு பூமாடத்தி நினைச்சா. அட, இவ்வளவுதானா!

மறுநாளு, ஒரு சொம்புத் தண்ணியில நாரை ஊறப் போட்டு, அதுல ஒரு நாரை எடுத்துப் பல்லுல இறுக்கக் கடிச்சுக்கிட்டு, சீப்போட கிளம்பிட்டா. வாசல் வாசலா நின்னா. பேச்சில்லை. பிள்ளைங்க எல்லாம், "ஏ, நார் திங்குத மாடு வருதுடோய்!"னு பின்னாலேயே வந்து கூத்தடிச்சுதுங்க. ஒருத்தரும் கதவைத் திறக்கலை.

கடைசியில திறந்தது யாருன்னு நினைக்கிய? மூக்கம்மைதான்! கதை கேக்காம அவளுக்குச் சோறு இறங்கலையாம். உள்ள கூப்பிட்டு, பலகையைப் போட்டு உக்காந்தா.

"சொல்லுளா. ஆவுடை வீட்டுல என்ன நடக்கு?"

"ம்."

"சரி, அதை விடு. மேலத்தெருக்காரி மாமியாளோட சண்டையாமே?"

"ம்ம்."

"என்னட்டி ம்ம்? நாக்கை ஆத்துல விட்டுட்டியா? எனக்கிட்ட மட்டும் சொல்லு, நான் யாருக்கிட்டச் சொல்லப் போறேன்!"

பூமாடத்திக்குச் சிரிப்பு முட்டிட்டு வந்துச்சாம். நாரை இன்னும் இறுக்கிக் கடிச்சா. சிக்கு எடுத்து, பேன் பாத்து, கொண்டை போட்டு, எழுந்து போயிட்டா.

மூக்கம்மைக்கு வந்த கோவம் இருக்கே! வீடு வீடா ஏறி இறங்கினா. "அநியாயத்தைக் கேட்டியளா? அந்தப் பூமாடத்தி வாயில இருந்து ஒரு சொல்லு பிடுங்க முடியலை! கல்லைக் கூடப் பேச வச்சிரலாம், அவளைப் பேச வைக்க முடியலை!"

அவ திட்டத்தான் திட்டினா. கேட்டவங்க காதுல அது வேற மாதிரி விழுந்துச்சு. அடுத்த வெள்ளிக்கு ஒரு கதவு திறந்துச்சு. அதுக்கு அடுத்த செவ்வாய்க்கு இன்னொண்ணு. ஆனா ஆவுடை வீட்டுக் கதவு திறக்கலை. அது திறக்காத வரைக்கும், நல்லது கெட்டதுக்கு ஊரு இவளை நம்பாது. கல்யாணச் சடை ஒண்ணு கூட வரலை. அறுப்பும் நெருங்கிட்டு.

அப்பத்தான் ஆத்துக்கு அக்கரையில நாணல்குறிச்சியில இருந்து உலகம்மைக்கு ஒரு இடம் வந்துச்சு. இந்தத் தடவை ஆவுடை ஒளிக்கலை. தழும்பு இருக்குன்னு மாப்பிள்ளைக்கிட்ட நேராச் சொல்லிட்டா. அவன் சிரிச்சானாம். "எனக்கு முழங்கால்ல அருவாத் தழும்பு இருக்கு. அதுக்கு இது சரியாப் போச்சு"ன்னானாம்.

கல்யாணத்துக்கு வெளியூர்ல இருந்து சடை தைக்க ஆள் கூப்பிடணும்னு ஆவுடை சொன்னா. உலகம்மை மாட்டேன்னுட்டா.

"என் தலையைப் பாத்தவ ஒருத்தி இருக்கா. இன்னொருத்திக்கு எதுக்கும்மா காட்டணும்?"

"ஏ மூதி, அவதானட்டி ஊரெல்லாம் சொன்னா!"

"சொன்னா. சொல்ல இருந்ததை எல்லாம் சொல்லி முடிச்சுட்டாள்லா. இனிமே சொல்ல அவக்கிட்ட என்ன இருக்கு? புதுசா வாரவகிட்டதான் பயம்."

ஆவுடை பூமாடத்திக்கே சொல்லி அனுப்பினா.

கல்யாணத்தன்னைக்கு விடியப் பூமாடத்தி வந்தா. வாயில நாரு. நெஞ்சுல பயம். பொண்ணுக்கு முன்னால உக்காந்து கும்பிட்டா. உலகம்மை தலையைத் திருப்பிக் காட்டினா, அவ்வளவுதான். சவுரி வச்சு, தாழம்பூ வச்சு, மல்லிகை சுத்தி, தைச்சா. பக்கத்துல ஆவுடை அவ வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளாம்.

பாதிச் சடை ஆகியிருக்கும். திடுதிடுன்னு உள்ள வந்தா மாப்பிள்ளையோட அத்தை, சங்கரவடிவு. பெரிய கொண்டை, பெரிய குரலு. அவ காதுக்கு அந்தப் பெருநோய்ப் பேச்சு எட்டியிருக்கு.

"நில்லுங்க! தாலி ஏறுததுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கணும். ஏ சடை தைக்கவளே, இந்தத் தலையை உனக்குத்தான் தெரியும். உள்ளதைச் சொல்லு. தழும்புதானா, வேற சீக்கா?"

பேசினா, பூமாடத்தி பழைய பூமாடத்தி ஆயிருவா. பேசலைன்னா, என்னத்தையோ மறைக்கான்னு ஆயிரும். பொண்ணு கதை முடிஞ்சு போகும். பூமாடத்தி நாரைக் கடிச்சுக்கிட்டே நின்னா. பல்லு வலிச்சுதாம்.

"பேச மாட்டியோ? அப்போ நானே பாக்கேன்!"னு சொல்லி, சங்கரவடிவு பொண்ணு தலைக்கு மேல குனிஞ்சா.

குனிஞ்சாளா... அவ கொண்டை சரிஞ்சுது. பெரிய கொண்டைன்னு சொன்னேனே? முக்காலும் சவுரி. பின்பக்கமாக் கழண்டு, அந்தா விழப் போகுது. விழுந்தா, ரெண்டு ஊரும் வாய் விட்டுச் சிரிக்கும்.

பூமாடத்தி ஒரு எட்டு வச்சா. முந்தானையை விரிச்சு, தன் முதுகால கூட்டத்தை மறைச்சுக்கிட்டா. ஒரு கையில சவுரியைப் பிடிச்சா. கட்ட ஒண்ணும் இல்லை. நார்ச் சொம்பு எட்டாத தூரத்துல இருக்கு. யோசிக்கவே இல்லை. பல்லுல இருந்த நாரை உருவினா. சுத்தினா, முடிச்சுப் போட்டா, கொண்டையைத் தட்டி விட்டா. கண் மூடித் திறக்குததுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.

இப்போ பாருங்க. அவ வாயில நாரு இல்லை.

"என்னளா அங்கே? என்ன ஆச்சு?"ன்னு ஆவுடை எட்டிப் பாத்தா. "என்னது, என்னது?"ன்னு மூக்கம்மை கழுத்தை நீட்டினா. இவ்வளவு பெரிய கதை கையில இருக்கு. பொண்ணைக் குத்தம் சொல்ல வந்தவ தலையிலேயே குத்தம்! ஒரு சொல்லு போதும், பழி தீந்துரும். பூமாடத்தி உதடு லேசா அசைஞ்சுச்சுன்னு சொல்லுவாங்க.

அசைஞ்சுச்சு. திறக்கலை. நாரு இல்லாத வாயும் மூடித்தான் இருந்துச்சு. அவ பாட்டுக்கு ஊசியை எடுத்தா, பொண்ணு சடையில அடுத்த பூவைத் தைச்சா.

சங்கரவடிவு மெதுவா நிமிந்தா. கையைக் கொண்டு போய்த் தன் கொண்டையைத் தொட்டுப் பாத்தா. கல்லு மாதிரி நிக்கு. பூமாடத்தி முகத்தைப் பாத்தா. அதுல ஒண்ணும் இல்லை.

"நான் பாத்துட்டேன்"னு கூட்டத்துக்குக் கேக்கச் சொன்னா. "பொண்ணு தலையில ஒரு சீக்கும் இல்லை. கஞ்சித் தழும்புதான். மேளத்தை அடிக்கச் சொல்லுங்க."

பாத்தது என்னமோ ஒண்ணும் இல்லை! வெளிய போறவ, பூமாடத்தி காதோரம் குனிஞ்சு, "ஏ பிள்ளே, வெள்ளிக்கிழமை ஓடம் அனுப்புதேன். அக்கரைக்கு வருவியா?"ன்னாளாம்.

"ம்"னாளாம் பூமாடத்தி.

அறுப்பு முடிஞ்சு அண்ணன் வண்டி வந்துச்சு. வந்த வண்டியில ரெண்டு தார் வாழைக்காயை ஏத்தி, மைனிக்குக் கொடுத்துவிட்டா. ஆள் ஏறலை.

அதுக்குப் பிறகு ரெண்டு கரையும் அவளுக்குத்தான். தாய்க்குச் சீவினவ மகளுக்குச் சீவினா, மகளுக்குச் சீவினவ பேத்திக்குச் சடை தைச்சா. வேற ஊருல இருந்து கைகாரிங்க வந்து பாத்தாங்க, ஒரு வீட்டைக் கூட அசைக்க முடியலை. அவ வாயில ரெண்டு ஊரு ரகசியம் கிடந்துச்சு. ஒண்ணும் வெளிய விழலை.

இன்னைக்கும் மருதங்கால்ல பொண்ணுக்குச் சடை தைக்கதுக்கு முந்தி, பொண்ணைப் பெத்தவ நனைச்ச வாழைநாரு ஒண்ணைத் தைக்கவ கையில கொடுப்பா. கடைசிப் பூ ஏறுத வரைக்கும் அவ அதைக் கடிச்சிருக்கணும். அவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. ரகசியம் சொல்லப் போறவங்களும் முதல்ல, "நாரு கடிப்பியா?"ன்னுதான் கேப்பாங்க.

துறைக்குப் பேரு வந்த கதையையும் சொல்லிருதேன். வயசான காலத்துல பூமாடத்திக்கு ஒரு புதுப் பயம் வந்துட்டு. அடுத்த வீட்டுக்காரி ஒரு நாள், "ஏ அக்கா, உறக்கத்துல என்னமோ பேசுதியே?"ன்னா. பூமாடத்திக்கு உசுரே போச்சு. "என்ன பேசினேன்? யாரைப் பத்திப் பேசினேன்?" "ஒண்ணும் விளங்கலை. சவுரின்னு மட்டும் காதுல விழுந்துச்சு."

முழிச்சிருக்கும்போது நாரு இருக்கு. உறக்கத்துக்கு என்ன இருக்கு? அந்த வாரமே ஊருக்குள்ள இருந்த வீட்டை மகளுக்கு விட்டுட்டு, அணைக்குக் கீழ, தண்ணி இடி மாதிரி விழுத இடத்துல ஒரு குடிசை போட்டுக்கிட்டா. பக்கத்துல நின்னு கத்தினாலும் அங்க ஒண்ணும் கேக்காது. ஊருப் பொம்பளைங்க சீப்போட அங்கேயே வந்தாங்க. தலையைக் கொடுத்துட்டு, மனசுல உள்ளதை எல்லாம் சத்தமாக் கொட்டுவாங்களாம். தண்ணி வாங்கிட்டுப் போயிரும். அதுதான் நார்கடிச்சா துறை. இப்பவும் பொம்பளைங்க அங்கதான் தலை குளிக்கப் போறாங்க.

அவ்வளவு சத்தத்துலயும் அவளுக்கு நம்பிக்கை வரலையாம். எதுக்கும் இருக்கட்டும்னு, பாயை ஆத்துப் பக்கம் இழுத்துப் போட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி, தண்ணியைப் பாத்துத்தான் கடைசி வரைக்கும் படுத்தாளாம்.