படுத்துக்கிட்டே பார்த்த வேலை

அந்த வாஷிங் மெஷின அங்கயே விடுங்க தங்கச்சி, நீங்க தூக்காதீங்க. ஆட்டோக்காரர் எறக்கி வச்சதே போதும், நான் உள்ள இழுத்துக்கறேன். விலையா? சொல்றேன், சொல்றேன், மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெயிண்ட் டப்பா மேல உக்காருங்க, மூடி போட்டிருக்கு, சேலைல கறை படாது. தொறந்து பாக்காம எப்படி விலை சொல்றது? டாக்டர்கூட நாக்க நீட்டச் சொல்லிட்டுத்தானே சீட்டு எழுதறாரு.

ஆமா, மெக்கானிக் நான்தான். சிரிங்க, பரவால்ல. இங்க வர்றவங்க எல்லாரும் என் தலைக்கு மேல எட்டிப் பாப்பாங்க, உள்ள ஆம்பள யாராவது இருக்காங்களான்னு. இருக்காரு ஒருத்தர். இப்ப ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருக்காரு. ஸ்பேனர்னு சொன்னா இந்தத் தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். சட்டைப் பையில எல்லாரும் பேனா வச்சிருப்பாங்க, எங்க வீட்டுக்காரர் ஸ்பேனர் வச்சிருப்பாரு. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இருந்துச்சு, சத்தியமா. நான் தலை குனிஞ்சு உக்காந்திருந்தேன், மொதல்ல கண்ணுல பட்டதே அதுதான்.

வேல எனக்கு எப்படித் தெரியுமா? அது பெரிய கத. அவசரமா? பொண்ணுக்கு ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. அட, எல்லா ஸ்கூலும் அப்பதானே விடும்! உக்காருங்க. நான் கீழ இந்த ஃபில்டர மட்டும் தொறந்துக்கறேன், தண்ணி கொட்டும், கால இப்படி நகத்திக்கோங்க. கையும் வாயும் தனித்தனியா ஓடும் எனக்கு.

பன்னெண்டு வருஷம் ஆச்சு. மூணாவது மாடி வீடு, லிஃப்ட் கெடயாது. கூட ஒரு ஆளு வர்றேன்னு சொல்லி வரல. இவர் என்ன பண்ணாரு? மெஷின பெல்ட்டு போட்டு முதுகுல கட்டிக்கிட்டு ஒத்த ஆளா எறங்கிட்டாரு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல டக்குனு ஒரு சத்தமாம். ஐயோ, மெஷின்ல ஏதோ ஒடஞ்சிருச்சேன்னு பதறிட்டாராம். பாத்தா சத்தம் வந்தது இவரோட முதுகுலேருந்து.

எட்டு மாசம். கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். கட பூட்டி சாவி ஆணியில தொங்குது. கையில இருந்தது ரெண்டு மாசத்துல கரஞ்சுது. நான் அக்கம்பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் வாங்கி இஸ்திரி போட்டேன். அப்புறம் எங்க ஃப்ரிட்ஜோட கம்ப்ரஸரக் கழட்டி வித்தோம். கழட்டினது யாரு? நான்தான், இவர் படுத்துக்கிட்டு சொல்லச் சொல்ல. உள்ள ஒண்ணுமில்லாத ஃப்ரிட்ஜு என்னத்துக்கு ஆகும்? இஸ்திரி போட்ட துணிய அடுக்கி வச்சேன். தூசி படாம சுத்தமா இருக்கும், நம்பினா நம்புங்க.

பசங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டக் கொஞ்சம் சீக்கிரமாவே குடுத்துருவேன். ஏன்னு கேக்கறீங்களா? சீக்கிரம் சாப்ட்டா சீக்கிரம் தூங்கிரும். ரெண்டாவது தடவ கேக்காது.

நீங்க ஏன் தல குனிஞ்சுட்டீங்க? இது எங்க வீட்டுக் கத தங்கச்சி. சிரிக்க வேண்டிய எடம் இனிமேதான் வரப்போகுது.

பள்ளிவாசல் கமிட்டிலேருந்து ரெண்டு பேர் வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. அதுல ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கட வச்சிருந்தாரு. அவர் கமிட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியெல்லாம், வசதியுள்ளவங்க குடுக்கற ஜகாத் பணத்த எப்படிப் பிரிப்பாங்க தெரியுமா? வருஷத்துல ஒரு நாள், பள்ளிவாசல் வாசல்ல வரிசை நிக்கும். ஆளுக்குக் கொஞ்சம் குடுப்பாங்க. வாங்கினது ரெண்டு நாள் தாங்கும். அடுத்த வருஷம் அதே முகம், அதே வரிசை. அந்தக் கண்ணாடிக்கடைக்காரர்தான் கமிட்டில சண்ட போட்டாரு. நூறு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்க வேண்டாம், வருஷத்துக்கு அஞ்சு வீடு எடுப்போம், அந்த அஞ்சு வீடும் திரும்ப இங்க வராத மாதிரி குடுப்போம்னு. வரிசையே இருக்கக் கூடாது, நாமதான் வீடு தேடிப் போகணும்னு.

அவங்க வர்ற சேதிய நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மனுஷன் எந்திரிக்க முடியாத ஆளு, குரல் மட்டும் எந்திரிச்சு நின்னுச்சு. நான் வருஷா வருஷம் குடுத்தவன், என் கை குடுத்த கை, நான் வாங்கறதா, அவங்க வந்தா நாம நல்லா இருக்கோம்னு சொல்லி அனுப்புன்னாரு. பக்கத்து வீட்டுல நல்ல கப்பு நாலு வாங்கிட்டு வரச் சொன்னாரு. கல்யாணச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டாரு. என்னைய புடிச்சுக்கிட்டு, பல்ல கடிச்சுக்கிட்டு, நாற்காலில நேரா உக்காந்துட்டாரு, போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி.

அவங்களும் வந்தாங்க. சலாம் சொன்னாங்க. முதுகு எப்படியிருக்குன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லீங்க, அடுத்த வாரம் கட தொறக்கறேன்னாரு. அஞ்சாறு பெரிய வேல காத்துக்கிட்டு இருக்குதுன்னாரு. வேர்வ மட்டும் காதோரமா ஓடிக்கிட்டே இருக்கு. அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் குடிக்க ஜில்லுன்னு தண்ணி கேட்டாரு. நான் அசையறதுக்குள்ள கூட வந்தவர், இருங்கம்மா நானே எடுத்துக்கறேன்னு போயி ஃப்ரிட்ஜத் தொறந்துட்டாரு. பாத்தா உள்ள மேல்தட்டுல சட்ட, நடுத்தட்டுல பேண்ட்டு, கீழ காய்கறி வைக்கற டப்பால கைக்குட்ட.

கூட வந்தவர் கதவப் புடிச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரர்தான் பேசினாரு. அது புது மொறைங்க, துணிய குளுமையா வச்சா சுருக்கம் விழாதுன்னாரு!

இப்ப சிரிக்கறீங்க பாருங்க. எனக்கு அன்னிக்கு சிரிப்பும் வரல, அழுகையும் வரல. அவங்க சரி சரின்னு கெளம்பிட்டாங்க. வாசல் கதவு சாத்தினதும் எங்க வீட்டுக்காரரால எந்திரிக்க முடியல. உக்காந்த எடத்துலயே உறைஞ்சுட்டாரு. பக்கத்து வீட்டு அண்ணன், அவரு தம்பி, நானு, மூணு பேரா நாற்காலியோட தூக்கிக் கட்டில்ல கவுத்தோம்.

மறுநாள் காலைல வாசல்ல ஒரு வேன் நிக்குது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் எறங்கறாரு. பின்னால ஆறு வாஷிங் மெஷின், எல்லாம் செத்தது. பழைய சாமான் கடைல வாங்கியிருக்காரு. கூடவே ஒரு பெட்டி நெறய புதுக் கருவி, பெல்ட்டு, பேரிங்கு, பம்ப்பு. எங்க வீட்டுக்காரர்கிட்ட போயி, ஸ்பேனரே, இந்த ஆறும் ஓடல, என்ன கோளாறுன்னு படுத்துக்கிட்டே சொல்ல முடியுமான்னு கேட்டாரு. ஏன் முடியாது, சத்தத்த வச்சே சொல்வேன்னாரு இவரு. அப்ப நீங்க சொல்லுங்க, உங்க வீட்டம்மா கழட்டட்டும், சரியானா வித்துக்கோங்க, எல்லாம் உங்களுதுதான்னாரு. வேலன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரர் மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. எங்கேருந்து வந்துச்சு, யாரு காசுன்னு ஒரு வார்த்த கேக்கல.

எனக்குத் தெரியும். வாசல்ல வச்சு என்கிட்ட ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாரு. இது ஜகாத்தும்மான்னு சொல்லிட்டாரு, மறைக்கல. தர்மம் வாங்கற நெலமைக்கு வந்துட்டோமேன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அவர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, தர்மம்னு யாரும்மா சொன்னது, ஒருத்தன் சேத்து வச்சதுல நாப்பதுல ஒரு பங்கு அவனோடதே இல்ல, உங்களோடது, இத்தன நாள் எங்ககிட்ட மாட்டிக்கிட்டு இருந்துச்சு, அதக் கொண்டாந்து சேக்கறோம், தாமதமானதுக்கு நீங்கதான் எங்கள மன்னிக்கணும்னாரு. கையெழுத்து போட்டேன்.

இதோ பாருங்க, உங்க ஃபில்டர்ல என்னென்ன இருக்குன்னு. ஊக்கு ஒண்ணு, பட்டன் மூணு, பொம்மைக் கார் சக்கரம். இது என்ன, கட்டை வெரல் அளவுக்கு ஒரு சாக்ஸ்! அடைச்சுக்கிட்டு இருந்தது இதுதான். இதுக்குப் போயி மெஷினே போச்சுன்னு நெனச்சீங்களா? ஓ, ஓடுதுன்னு தெரிஞ்சுதான் விக்கக் கொண்டாந்தீங்களா. சரி சரி.

எங்க விட்டேன்? ஆங், பாடம். எங்க வீட்ல தெனமும் போர்க்களம். இவர் கட்டில்ல தல அந்தப் பக்கம், நான் தரையில இந்தப் பக்கம். வலதுபக்கம் சுத்துன்னா யாரோட வலது? அவரோட வலது எனக்கு இடது. மொத நாளே ரெண்டு ஸ்க்ரூ முறிஞ்சுது. இவர் கத்த, நான் கத்த, பசங்க கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். விஷயத்தக் கேள்விப்பட்டு அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் தன் கடைலேருந்து ஆளுயரக் கண்ணாடி ஒண்ண கொண்டாந்து சுவத்துல சாச்சு வச்சாரு, இவர் படுத்துக்கிட்டே என் கையப் பாக்கட்டும்னு. கண்ணாடில இடம் வலமாத் தெரியுமில்ல, இன்னும் ரெண்டு ஸ்க்ரூ போச்சு.

ஆனா வந்துருச்சு தங்கச்சி. மூணு வாரத்துல ஒரு மெஷின் ஓடுச்சு. தண்ணி உள்ள போயி டிரம்மு மொத சுத்து சுத்தினப்ப, நான் நம்பவே மாட்டாம மெஷின் கதவுக் கண்ணாடி வழியா உள்ளயே பாத்துக்கிட்டு நின்னேன். எங்க வீட்டுக்காரர் தலகாணில மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏதோ மூக்கடைப்புன்னாரு. ஆறும் வித்துச்சு. வித்ததுல இன்னும் எட்டு வாங்கினோம். அவர் எந்திரிச்சு நடக்கறதுக்குள்ள கட தொறந்தாச்சு, என் பொறுப்புல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள், குளிச்சு முழுகி அதே கல்யாணச் சட்டையப் போட்டுக்கிட்டு இவர் கெளம்பினாரு. எங்கன்னா, நமக்கு இந்த வருஷம் ஜகாத் கடமையாயிருச்சு, குடுக்கப் போறேன்னாரு. குடுத்துட்டு வந்து உக்காந்து எனக்குப் புத்தி வேற சொல்றாரு. வாங்கறவங்கள நாம என்னிக்கும் எளக்காரமா நெனச்சுடக் கூடாது, அவங்களும் நம்மள மாதிரிதான்னு. நான் அடக்கி அடக்கிப் பாத்தேன், முடியல. சிரிச்சு, பொரையேறி, கண்ணுல தண்ணி வந்து, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

மூணு நாள் என்கூட பேசல. பேசாம இருக்கத் தெரியாத மனுஷன், மெஷின்கூட பேசிக்கிட்டு இருந்தாரு. நாலாம் நாள் டீ குடிச்சுக்கிட்டே, அவங்க வாங்கிக் குடுத்தது மொத்தம் எத்தனன்னு கேட்டாரு. ஆறுன்னேன். அந்த நீலக் கலர் மெஷின் அதுல ஒண்ணான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதோட மோட்டார் சுத்த மட்டம், ஒரு கஷ்டப்பட்ட குடும்பத்துக்குக் குடுக்கறோம்னா பாத்து வாங்க வேண்டாமா, கமிட்டில வெவரம் தெரிஞ்ச ஆளே கெடயாதான்னு சண்டைக்குக் கெளம்பிட்டாரு! நேரா கண்ணாடிக்கடைக்குப் போயி நாலு கேள்வி கேட்டிருக்காரு. அவர் சிரிச்சுக்கிட்டே, அப்ப நீங்களே கமிட்டிக்கு வந்துருங்களேன்னுட்டாரு.

இருங்க, எந்திரிக்காதீங்க. முடிச்சுட்டேன், மூடிய மாட்டறது மட்டும்தான் பாக்கி. விலைதானே கேட்டீங்க? சொல்லிட்டாப் போச்சு. போன மாசம் உங்க பக்கத்து போர்ஷனுக்கு ஒருத்தர் மெஷின் பாக்க வந்தாரே, உங்க வீட்டு வாசல்ல நின்னு ஸ்க்ரூ டிரைவர் கேட்டாரே? சட்டைப் பையப் பாத்திருப்பீங்க. அன்னிக்கு சாயங்காலம் வந்து சொன்னாரு. அந்த வீட்ல வீட்டுக்காரர் கம்பெனிய மூடிட்டாங்க, அந்தம்மா நாங்க ரொம்ப நல்லாருக்கோம்னு சிரிச்ச முகமா சொல்லுது, அந்த நடிப்புல நானே பெரிய ஆளு, எனக்குத் தெரியாதான்னு. அக்கம்பக்கத்துல வேலைக்குப் போறவங்க புள்ளைங்க நாலஞ்சு உங்க காலக் கட்டிக்கிட்டு நின்னுச்சாம், ஒண்ணுகூட அழலயாம்.

கமிட்டில பொம்பளைங்க வீட்ட விசாரிக்கற பொறுப்பு இப்ப எனக்கு. விசாரிச்சு முடிச்சு பத்து நாளாச்சு தங்கச்சி, உங்களக் கேள்வி கேக்க ஒண்ணும் பாக்கியில்ல. உங்க தெருக்கோடியில அந்தக் கீழ் வீடு, காத்தோட்டமா, முன்னால கம்பிக் கதவோட, ஒரு வருஷ வாடகைய கமிட்டி குடுத்துரும். நாலு தொட்டில், பத்து சின்ன மெத்த. வெளியில பலகை மட்டும் நீங்க எழுதிக்கணும், குழந்தைங்க காப்பகம்னு, உங்க இஷ்டப்படி பேரு வச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். இது ஜகாத்துன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

ஆனா இந்த மெஷின நான் வாங்க மாட்டேன். பத்துப் புள்ளைங்க துணிய நீங்க கையாலயா தொவைப்பீங்க?